நூலகத்தில் சமூக வலைக் கருவிகள்: ஓடை, குறிச்சொல், விக்கி எப்படி வேலை செய்கின்றன?

"உங்கள் நூலகம் சமூக வலையைப் பயன்படுத்துகிறதா?" என்று கேட்டால், "ஓ, ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறதே" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் விடுமுறை அறிவிப்பு, விழா அழைப்பிதழ், தலைவர் பிறந்தநாள் வாழ்த்து. முன்பு அச்சடித்து ஒட்டியதை இப்போது படமாக ஏற்றுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வாசகர் அங்கே பார்ப்பவராக மட்டுமே இருக்கிறார். அவர் செய்யும் எதுவும் நூற்பட்டியலுக்கு வந்து சேர்வதில்லை, அடுத்த வாசகருக்கு உதவுவதும் இல்லை.

சமூக வலைக் கருவி என்பதை இந்தக் கட்டுரையில் ஒரே பொருளில்தான் சொல்கிறோம்: வாசகர் செய்யும் சிறு செயலைத் தரவாகச் சேமித்து, இன்னொரு வாசகருக்குப் பயன்படும்படி காட்டும் மென்பொருள். இந்த வரையறையில் பல ஃபேஸ்புக் பக்கங்கள் தேறாது. யாரும் பேசாத சில பழைய கருவிகள் நன்றாகவே தேறும்.

ஓரத்தில் எழுதிய பென்சில் குறிப்பு

நூலகப் புத்தகத்தை இரவல் எடுத்தவர் யாரோ பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பார். "இந்த ஆண்டு தவறு", "அடுத்த அத்தியாயத்தையும் பார்க்க". சில நேரம் அது புத்தகத்தைவிடப் பயன் தரும். ஆனால் அந்த ஒரு படியில்தான் இருக்கும். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரியாது. தவறாக இருந்தால் அழிக்கப் பக்கத்தைச் சுரண்ட வேண்டும். முக்கியமாக, தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

சமூக வலைக் கருவி இந்தக் குறிப்பைப் புத்தகத்திலிருந்து பிரித்துத் தரவுத்தளத்தில் வைக்கிறது. ஒரு வாசகர் ஒரு நூலுக்கு "சோழர்" என்று குறித்தால், உள்ளே பதிவாவது நான்கே நான்கு: நூலின் பதிவு எண், வாசகரின் எண், அந்தச் சொல், நேரம். நூலின் மூலப் பதிவில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. இந்தப் பிரிவினை இருப்பதால்தான் வாசகர் எழுதியதை நூலகம் தயக்கமின்றி ஏற்க முடிகிறது; வேண்டாததை ஒரே சொடுக்கில் நீக்கவும் முடிகிறது.

அடிப்படையாகப் புரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: ஓடை, குறிச்சொல், விக்கி. இவற்றில் ஓடை வாசகரின் செயலைச் சேமிப்பதில்லை; புதியதை அவரிடம் கொண்டுசேர்க்கும் வழி என்பதால் இங்கே சேர்கிறது. நட்சத்திர மதிப்பீடு, கருத்துப் பெட்டி, வாசகர் தொகுக்கும் நூல் வரிசை எல்லாம் இவற்றின் கலவைகள்தாம்.

ஓடை: வாசகர் வந்து கேட்பது

ஓடை என்பது புதிதாகச் சேர்ந்தவற்றின் பட்டியலைக் கொண்ட ஓர் உரைக்கோப்பு. மனிதருக்காக அல்ல, மென்பொருள் படிப்பதற்காக எழுதப்பட்டது. பரவலாகப் புழங்கும் வடிவத்தின் பெயர் ஆர்.எஸ்.எஸ், 1999இல் தோன்றி, 2002இல் இன்றைய 2.0 வடிவத்துக்கு வந்தது. பாட்காஸ்ட் கேட்பவர்களுக்கு இது தெரிந்திருக்காது: புதிய பகுதி அவர்கள் செயலிக்கு வந்து சேர்வது இன்றும் இதே வழியில்தான்.

கோப்பின் தலையில் ஓடையின் பெயர், முகவரி, ஒரு வரி விளக்கம். அதன் கீழே உருப்படிகள். ஒவ்வோர் உருப்படிக்கும் தலைப்பு, இணைப்பு, தேதி, ஓர் அடையாளக் குறி. வாசகர் தன் ஓடைப் படிப்பானில் (ஓடைகளைச் சேர்த்துக் காட்டும் செயலி) முகவரியைச் சேர்த்துவிட்டால், அது குறிப்பிட்ட இடைவெளியில் போய்க் கோப்பை எடுத்துவரும். அடையாளக் குறிகளை ஒப்பிடும். முன்பு பார்க்காத குறி இருந்தால் "புதியது" என்று காட்டும். அவ்வளவே இயக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது, நூலகம் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை என்பது. வாசகரின் மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ தேவையில்லை. யார் சந்தா செய்திருக்கிறார் என்பதே நூலகத்துக்குத் தெரியாது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று நடுவில் ஒரு நிறுவனம் முடிவு செய்வதும் இல்லை. சமூக ஊடகப் பக்கத்தைப் பின்தொடரும் எல்லோருக்கும் எல்லா இடுகையும் போய்ச் சேராது. ஓடையில் அந்தச் சிக்கலே கிடையாது. நூலகங்கள் மிகக் குறைவாக மதிப்பிட்ட கருவி இதுதான் என்று சொல்லலாம்.

கோஹா போன்ற நூலக மென்பொருளில் எந்தத் தேடலையும் ஓடையாக மாற்ற முடியும். "கல்வெட்டு" என்று தேடி, முடிவுகளை நூல் சேர்ந்த தேதி வரிசையில், புதியது முதலில் வரும்படி வைத்து, தேடல் பக்கத்தில் உள்ள ஓடைக் குறியை எடுத்துக்கொண்டால் போதும். இனி கல்வெட்டு பற்றிய நூல் நூலகத்துக்கு வரும்போதெல்லாம் அந்த ஆய்வாளருக்குத் தெரியும். அப்படியொரு வசதி பக்கத்தின் மூலையில் இருப்பதைப் பெரும்பாலான வாசகர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

எங்கே கெடும்?

முதலாவது, குறியை அழுத்திய வாசகருக்குத் திரை முழுவதும் குறிமுறை தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று மூடிவிடுவார். உலாவிகள் முன்பு ஓடையை அழகாகக் காட்டின. ஃபயர்பாக்ஸ் 2018 டிசம்பரில் அந்த வசதியை எடுத்துவிட்டது. "இந்த முகவரியை நகலெடுத்து ஓடைப் படிப்பானில் ஒட்டுங்கள்" என்று குறிக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுவது கட்டாயம்.

இரண்டாவது, ஓடையில் கடைசி 50 உருப்படிகள்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் 200 நூல்களை மொத்தமாக ஏற்றினால், அடுத்த முறை படிப்பான் வந்து பார்க்கும்போது 150 நூல்கள் ஓடையைத் தாண்டிப் போயிருக்கும். சந்தாதாரர் அவற்றைப் பார்க்கவே மாட்டார். மொத்த ஏற்றத்தைப் பகுதி பகுதியாகச் செய்யலாம், அல்லது ஓடையின் அளவைத் தற்காலிகமாகக் கூட்டலாம்.

மூன்றாவது, மென்பொருளை மாற்றும்போது பதிவு எண்கள் மாறும். அடையாளக் குறிகளும் மாறும். பழைய நூல்கள் எல்லாம் புதியவையாக வந்து குவியும். சலித்துப்போன வாசகர் சந்தாவையே எடுத்துவிடுவார்.

நான்காவது மிகச் சிறிய விஷயம், ஆனால் ஓடையை முழுதாக நிறுத்திவிடும். ஓடை எக்ஸ்.எம்.எல் என்ற கண்டிப்பான எழுத்து முறையில் இருப்பது. ஆங்கில நூல் தலைப்புகளில் வரும் ஆம்பர்சண்ட் (&) குறியை அதற்குரிய மாற்று வடிவில் எழுதாமல் அப்படியே விட்டால், பல படிப்பான்கள் அந்த ஒரு வரியோடு நின்றுவிடும். அதன் பின்னுள்ள உருப்படிகளும் காணாமல் போகும். தானாக உருவாகும் ஓடையில் இது அரிது. கையால் எழுதிய ஓடை நின்றுபோனால் முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

இதுவரை: ஓடை ஒரு கோப்பு. நூலகம் அதைப் புதுப்பிக்கிறது, வாசகரின் செயலி வந்து எடுத்துக்கொள்கிறது. அடையாளக் குறி நிலையாக இருக்கும்வரை எல்லாம் சரியாக நடக்கும்.

குறிச்சொல்: வாசகர் வைக்கும் பெயர்

நூலகர் ஒரு நூலுக்குப் பொருள் தலைப்பு கொடுக்கிறார். பொருள் தலைப்பு என்பது ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கும் சொல். ஒரு கருத்துக்கு ஒரே சொல். குறிச்சொல் என்பது வாசகர் தானே நினைத்து வைப்பது. பட்டியல் கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம்.

இரண்டில் எது நல்லது என்ற விவாதம் வீண். பொருள் தலைப்பு சீராக இருக்கும், ஆனால் மெதுவாக மாறும். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் சமையல் நூல்களுக்கு வைத்திருந்த 'குக்கரி' என்ற தலைப்பை 'குக்கிங்' என மாற்றியது 2010இல்தான். வாசகர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே 'குக்கிங்' என்றுதான் தேடிக்கொண்டிருந்தார்கள். குறிச்சொல் அந்த இடைவெளியை நிரப்பும். ஆனால் அதற்கு ஒழுங்கு கிடையாது: "ஆறு" என்று ஒருவர் குறித்தால் அது காவிரியா, எண்ணா என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே குறிச்சொல்லைப் பொருள் தலைப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், அதன் இடத்தில் அல்ல.

தமிழில் குறிச்சொல் வைக்கும்போது ஒரு கூடுதல் தொல்லை உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து கணினிக்கு இரண்டாக இருக்கலாம். "கொ" என்பதை ஒருங்குறியில் (யூனிகோட்) ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால் "கொங்கு" என்ற குறிச்சொல் இரண்டு தனிக் குறிச்சொற்களாகப் பிரிந்து நிற்கும். இரண்டு வடிவையும் ஒன்றாக்கும் நடைமுறைக்கு இயல்பாக்கம் என்று பெயர். பல மென்பொருள்களில் அமைப்பில் இருக்கும், இல்லையென்றால் தொழில்நுட்பப் பொறுப்பாளரிடம் கேட்டுச் சேர்க்கலாம். இயல்பாக்கமும் காப்பாற்றாத இடம் ஔகாரம். "ஔவையார்" என்பதை ஒ, ள என்ற இரண்டு எழுத்துகளால் தட்டச்சு செய்பவர்கள் நிறைய. அதைக் கையால்தான் இணைக்க வேண்டும். "ஸ்ரீ" எழுத்துக்கும் இதே கதை.

சொற்களைப் பிரிக்கும் முறையும் சோதனைக்குரியது. சில கருவிகள் இடைவெளியைப் பிரிப்பானாகக் கொள்ளும், சில காற்புள்ளியை. இடைவெளியால் பிரிக்கும் கருவியில் "சங்க இலக்கியம்" என்று இட்டால் "சங்க", "இலக்கியம்" என்று இரண்டாகிவிடும். பயன்படுத்தத் தொடங்கும் முன்பே ஒரு முறை இட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"படிக்கணும்", "அப்பாவுக்கு", "பாதி முடித்தேன்" போன்ற சொந்தக் குறிகள் வரத்தான் செய்யும். அவற்றை அழிக்கத் தேவையில்லை. வைத்தவருக்கு அவை பயன்படும். ஒரு சொல்லைக் குறைந்தது இரண்டு வாசகர்கள் தனித்தனியே வைத்த பிறகே பொதுவில் காட்டு என்ற விதி இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை தானாக மறைந்துகொள்ளும். விதியால் முடியாததை மட்டுறுத்தல் செய்யலாம்: நூலகர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளியே தெரியும். கோஹாவில் குறிச்சொல்லுக்கும் கருத்துக்கும் இந்த வசதி உண்டு. ஒரே எச்சரிக்கை, ஒப்புதலுக்குக் காத்திருக்கும் வரிசையை வாரம் ஒருமுறையாவது காலி செய்யாவிட்டால் வாசகர்கள் இரண்டாம் முறை எழுத மாட்டார்கள்.

உண்மையான தடை வேறு. சிறிய நூலகத்தில் குறிச்சொல் போதிய அளவு சேராது. 10,000 நூல்கள், 300 வாசகர்கள் என்றால் பெரும்பாலான நூல்களில் ஒரு குறியும் இருக்காது. வெற்றுப் பெட்டியைப் பார்ப்பவர் தானும் எழுத மாட்டார். 2005இல் தொடங்கிய லைப்ரரிதிங் தளம் இதற்கு ஒரு வழி காட்டியது: உலகெங்கும் உள்ள வாசகர்கள் தங்கள் சொந்தப் புத்தகங்களுக்கு வைத்த குறிச்சொற்களை, ஐ.எஸ்.பி.என் எண்ணை (ஒவ்வொரு நூல் பதிப்புக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண்) பொருத்தி நூலகங்களின் பட்டியலில் காட்டும் சேவை. ஆங்கில நூல்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். அந்த எண் இல்லாத பழைய பதிப்புகளுக்குப் பொருந்தாது. தமிழ் நூல்களில் எண் இல்லாதவை ஏராளம் என்பதால், இந்தக் குறுக்குவழி நமக்குப் பாதிதான் உதவும்.

அப்படியானால் என்ன செய்வது? எல்லா நூலுக்கும் குறிச்சொல் கேட்காமல் ஒரு சிறு தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது. ஊர் வரலாறு, பழைய இதழ்கள், நிழற்படங்கள். பொருள் தலைப்பு ஏறாத, வாசகருக்கு நூலகரைவிட அதிகம் தெரிந்த பகுதி எதுவோ அது.

நிழற்படங்களில் நடந்த சோதனை

இதற்குச் சிறந்த சான்று, நிழற்படம் பகிரும் தளமான ஃபிளிக்கரில் காங்கிரஸ் நூலகம் செய்த முயற்சி. 2008 ஜனவரியில், காப்புரிமைத் தடை இல்லாத சுமார் 3,100 பழைய படங்களை அந்தத் தளத்தில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் குறிச்சொல்லும் கருத்தும் எழுதலாம் என்று விட்டார்கள். அக்டோபர் வரையான கணக்கை நூலகமே வெளியிட்டது. அதற்குள் 4,615ஆகப் பெருகியிருந்த படங்களுக்கு 67,176 குறிச்சொற்கள் வந்திருந்தன; எழுதியவர்கள் 2,518 பேர். கருத்துகள் 7,166. ஒவ்வாதவை என்று நீக்க வேண்டிவந்தது 25க்கும் குறைவு. படத்தில் இருப்பது எந்த ஊர், எந்தக் கட்டடம், யார் என்று வாசகர்கள் சொன்னதைச் சரிபார்த்து, 500க்கும் மேற்பட்ட மூலப் பதிவுகளை நூலகம் திருத்தியது.

"பொதுமக்களை எழுத விட்டால் குப்பையாக்கிவிடுவார்கள்" என்ற அச்சத்துக்கு இந்த 25 என்ற எண் நல்ல பதில். ஆனால் அதைவிட முக்கியம் அந்த 500. யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு கருத்தையும் படித்து, ஆதாரம் தேடி, பதிவில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு ஆள் ஒதுக்காமல் கருவியை மட்டும் திறந்துவைத்த இடங்களில் கருத்துகள் கருத்துகளாகவே கிடக்கும்.

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் இன்னொரு படி மேலே போனது. பழைய செய்தித்தாள்களை வருடி, எழுத்துணரி மூலம் உரையாக்கியபோது பிழைகள் மலிந்திருந்தன. 2008 முதல், பக்கத்தின் படத்தையும் உரையையும் அருகருகே காட்டி, வாசகரே வரிவரியாகத் திருத்த வழி செய்தார்கள். பின்னர் ட்ரோவ் என்ற தளமாக விரிந்த அந்தச் சேவையில் இதுவரை பல கோடி வரிகள் திருத்தப்பட்டுள்ளன. ஒருவர் திருத்திய பெயர் அடுத்தவர் தேடும்போது கிடைக்கிறது. திருத்தம் தவறாகப் போனாலும் முந்தைய உரை அழிவதில்லை.

விக்கி

விக்கி என்பது உலாவியிலேயே யாரும் திருத்தக்கூடிய பக்கம். 1995இல் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் உருவாக்கியது. 2001இல் விக்கிப்பீடியாவால் உலகறிந்தது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முழுப் பக்கமும் புதிய பதிப்பாகப் பதிவாகும். எந்த இரண்டு பதிப்பையும் ஒப்பிடலாம், பழையதற்குத் திரும்பலாம். கெடுப்பதைவிடச் சரிசெய்வது எளிது; விக்கி நிலைத்து நிற்பது இதனால்தான்.

நூலகத்துக்குள் இதன் முதல் பயன் பணியாளர் கையேடு. நூல் சேர்க்கும் படிகள், கணினி நின்றால் கைப்பதிவில் இரவல் கொடுக்கும் முறை, பழைய இதழ்களைப் பைண்டிங் செய்ய அனுப்பும் நடைமுறை. ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியிலும் பொறுப்பாளரின் பதவியும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கட்டும். இரண்டும் இல்லாத விக்கி ஓராண்டில் யாரும் நம்பாத விக்கியாகிவிடும்.

விக்கிப்பீடியாவில் நூலகர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, மேற்கோள் இல்லாத வரிக்கு மேற்கோள் சேர்ப்பது. 2016 ஜனவரியில், விக்கிப்பீடியாவின் 15ஆம் ஆண்டையொட்டி, ஒவ்வொரு நூலகரும் ஒரு மேற்கோள் சேர்க்கும் இயக்கம் தொடங்கி இன்றும் நடக்கிறது. செய்யக் கூடாதது: நூலகத்தின் பெயரில் ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்துவது, பல கட்டுரைகளின் அடியில் சொந்த நூலகத்தின் இணைப்பை ஒட்டிக்கொண்டே போவது. இரண்டாவதை விளம்பரம் என்று நீக்குவார்கள். நீக்குவதும் சரிதான்.

வாசகரின் ரகசியம்

ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். சமூக வலைக் கருவிகள் இதை மூன்று இடங்களில் கசியவிடும்.

குறிச்சொல்லோடு பெயரும் தெரிந்தால், மணவிலக்குச் சட்டம் பற்றிய நூலை யார் புரட்டினார் என்று அண்டைவீட்டாருக்குத் தெரிந்துவிடும். சொல்லை மட்டும் காட்டி, பெயரை உள்ளே வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அடுத்தது பகிர் பொத்தான். சமூக ஊடக நிறுவனம் தரும் குறிமுறையை நூற்பட்டியல் பக்கத்தில் ஒட்டினால், வாசகர் பொத்தானை அழுத்தாவிட்டாலும், பக்கம் திறந்த கணத்திலேயே அந்த நிறுவனத்தின் வழங்கிக்குத் தகவல் போகும். அதற்குப் பதில் வெறும் இணைப்பாக வைத்தால் அழுத்தினால் மட்டுமே போகும். தோற்றத்தில் வேறுபாடு இல்லை, விளைவில் நிறைய.

மூன்றாவது இரவல் வரலாறு. "இதைப் படித்தவர்கள் இதையும் படித்தார்கள்" என்று காட்ட அந்த வரலாறு வேண்டும். கோஹாவில் நூலகம் அனுமதித்தால், என்றும் வைத்திருக்கவா, நூலகத்தின் வழக்கப்படியா, திரும்பித் தந்ததுமே துண்டிக்கவா என்று வாசகரே தேர்ந்தெடுக்கலாம். கேட்காமல் சேமிப்பதைவிட, கேட்டுச் சேமிப்பது குறைவாகக் கிடைத்தாலும் நல்லது.

எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

நூலகப் பணியாளர் இவற்றைக் கற்க உருவான நல்ல முன்மாதிரி '23 திங்ஸ்'. அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் 2006இல் வடிவமைத்தது. வகுப்பு கிடையாது, 23 சிறு பயிற்சிகள். அவரவர் வேகத்தில் செய்து, செய்ததைத் தன் வலைப்பதிவில் எழுத வேண்டும். முடித்தவர்களுக்கு ஓர் எம்.பி.3 இசைக்கருவி பரிசு. பின்னர் பல நாட்டு நூலகங்கள் அதைத் தத்தமக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன. அதில் பயன்பட்ட தளங்கள் பல இன்று மாறிவிட்டன, ஆனால் முறை அப்படியே பயன்படும்.

23 வேண்டாம் என்றால் மூன்றே பயிற்சிகள் போதும். ஓடைப் படிப்பான் ஒன்றில் ஐந்து ஓடைகளைச் சேர்த்து இரண்டு வாரம் படியுங்கள். பிறகு சக பணியாளர் ஒருவரும் நீங்களும் ஒரே 20 நூல்களுக்கு, பேசிக்கொள்ளாமல், நூலுக்கு மூன்று குறிச்சொல் எழுதி ஒப்பிடுங்கள். பொருந்துபவை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும். வேறுபடும் சொற்களில்தான் வாசகர் தேடும் சொற்கள் மறைந்திருக்கும். கடைசியாக விக்கி மணல்தொட்டியில், அதாவது பழகுவதற்கென்றே உள்ள பக்கத்தில், ஒன்றை எழுதி, கெடுத்து, பழைய பதிப்புக்குத் திருப்புங்கள். திருப்பத் தெரிந்தவருக்குத்தான் திருத்தும் துணிவு வரும்.

கருவி மூடப்பட்டால்

கூகுள் ரீடர் என்ற ஓடைப் படிப்பான் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. தங்கள் சந்தாப் பட்டியலை ஓ.பி.எம்.எல் கோப்பாக எடுத்து வைத்திருந்தவர்கள் அதை வேறொரு படிப்பானில் ஏற்றிக்கொண்டார்கள். புத்தகக்குறிகளைப் பொதுவில் சேமிக்கும் டெலிஷியஸ் தளம் பல கை மாறி 2017இல் புதிய பதிவுகளை ஏற்பதை நிறுத்தியது. அங்கே வழிகாட்டிப் பட்டியல் வைத்திருந்த நூலகங்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

எனவே ஒரு கருவியைத் தொடங்கும் முன்பே அதில் "ஏற்றுமதி" எங்கே என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கருவி வேண்டாம். இருந்தால் மாதம் ஒருமுறை காப்புப்படி எடுத்து, எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். குறிச்சொற்கள் பெரும்பாலும் சி.எஸ்.வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) வரும். அதை எக்ஸெலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் உருக்குலைந்து தெரியலாம். 13 இலக்க ஐ.எஸ்.பி.என் 9.78E+12 என்று சுருங்கியிருக்கும். அப்படியே சேமித்துவிட்டால் எண் திரும்பாது. வெற்றுப் பணித்தாளைத் திறந்து, தரவு இறக்குமதி வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, குறியாக்கம் யு.டி.எஃப்-8 என்றும் அந்த நெடுவரிசை உரை என்றும் தேர்ந்தெடுத்தால் இரண்டும் சரியாக இருக்கும்.